ஒரு கைது, இரண்டு நீதிமன்றம்: அமெரிக்காவில் குடியுரிமை இல்லாதவர் இலவச வழக்கறிஞரைப் பெறுவதும் பயன்படுத்துவதும்

அமெரிக்கக் குடியுரிமை இல்லாத ஒருவர் அங்கே கைதானால் அவர் மேல் இரண்டு வழக்குகள் ஓடக்கூடும். ஒன்று குற்றவியல் நீதிமன்றத்தில், பெரும்பாலும் மாநில அளவில். மற்றது மத்திய அரசின் குடியேற்ற நீதிமன்றத்தில். முதல் வழக்கில் சிறைத் தண்டனைக்கு வாய்ப்பிருந்து, வழக்கறிஞர் வைக்கக் கையில் காசும் இல்லையென்றால் அரசே வழக்கறிஞர் (பெரும்பாலும் பப்ளிக் டிஃபெண்டர் எனப்படுபவர்) தர வேண்டும். 1963-இல் கிடியன் வழக்கிலும் 1972-இல் ஆர்கர்சிங்கர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. விசா உண்டா, காலாவதியா, எல்லை தாண்டி வந்தவரா என்பதெல்லாம் இந்த உரிமையில் கணக்கில் வராது. இரண்டாவது வழக்கில் நிலைமை தலைகீழ். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 'அரசுக்குச் செலவில்லாமல்' என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரே நிற்பவர் குழந்தையாக இருந்தாலும் இதே விதிதான்.

பல குடும்பங்கள் முதலில் போலீஸ் கேஸ் முடியட்டும், குடியேற்ற விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகின்றன. அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எந்தப் பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், எத்தனை நாள் தண்டனை என்ற இரண்டும் முதல் நீதிமன்றத்தில் முடிவாகிவிடும். குடியேற்ற நீதிபதி அதை மாற்ற முடியாது. அதன் மேல் சட்டத்தைப் பொருத்திப் பார்ப்பார், அவ்வளவே. ஆகவே நாடுகடத்தலுக்கு எதிரான முதல் வழக்கறிஞர் உண்மையில் குற்றவியல் வழக்கறிஞர்தான்.

கைதான முதல் சில மணி நேரம்

பெயரையும் முகவரியையும் சொல்லலாம். அதன்பின் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: 'எனக்கு வழக்கறிஞர் வேண்டும், அவர் இல்லாமல் பேச மாட்டேன்.' பிறந்த நாடு, எப்படி வந்தார், எந்த விசா என்ற கேள்விகளுக்கும் இதே பதில். ஒருவர் அமெரிக்கர் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. சிறைக்குள் வந்து பேட்டி எடுக்கும் ஐஸ் அதிகாரி (குடியேற்ற அமலாக்கத் துறை) அந்த நிரூபணத்தைத்தான் உங்கள் வாயிலிருந்து எழுதிக்கொண்டு போகிறார். விசாவில் வந்தவரின் கைரேகை ஏற்கெனவே அவர்கள் கோப்பில் இருக்கும், சிறையில் எடுக்கும் கைரேகையும் தானாகவே அங்கே போய்ச் சேரும். அப்படிப்பட்டவருக்கு மௌனத்தால் ஆதாயம் குறைவு, கேடு எதுவும் இல்லை. ஆனால் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்று மட்டும் எந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாது. அந்த ஒரு வரி பின்னாளில் கிரீன் கார்டுக்கு நிரந்தரத் தடையாக வந்து நிற்கும்.

புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். விசாரணை இல்லாமலே நாடுகடத்தச் சம்மதம் என்று சொல்லும் படிவங்களும் அந்தக் கட்டில் இருக்கலாம்.

சிறைத் தொலைபேசி அழைப்புகள் பதிவாகின்றன. வழக்கறிஞருடன் பேசுவது மட்டுமே விலக்கு. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைப்பது தவறு. பதிவை மொழிபெயர்த்து எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் வைக்கும். குடும்பத்தாருடன் பேசும்போது வழக்கறிஞர், ஜாமீன், மருந்து, குழந்தைகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூதரகத்துக்குத் தகவல் சொல்லட்டுமா என்று போலீஸ் கேட்பார்கள். 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு தரும் உரிமை அது. இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குக் கேட்டால்தான் சொல்வார்கள். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். சொந்த நாட்டு அரசுக்கு அஞ்சி அடைக்கலம் கேட்டிருப்பவர், குறிப்பாக இலங்கைத் தமிழர், வழக்கறிஞரிடம் பேசும்வரை 'வேண்டாம்' என்று சொல்வதே சரி.

பப்ளிக் டிஃபெண்டரைப் பெறுவது

முதல் முறை நீதிபதி முன் நிறுத்தும்போது வழக்கறிஞர் வைக்க வசதி உண்டா என்று கேட்பார்கள். இல்லையென்றால் வருமானப் படிவம் ஒன்று தருவார்கள். ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றமானால் அதன் பெயர் சி.ஜே.ஏ.-23. சம்பளம், வங்கி இருப்பு, வாடகை, கடன், உங்களை நம்பியிருப்பவர்கள் என்று எழுத வேண்டும். அது உறுதிமொழியோடு கையெழுத்திடும் தாள், பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். குடியேற்ற நிலை பற்றி எங்காவது கேள்வி இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, வழக்கறிஞரிடம் கேட்டு நிரப்புங்கள். ஹெச்-1பி சம்பளக்காரருக்கு இந்த உதவி பெரும்பாலும் கிடைக்காது. அவர் தனியார் குற்றவியல் வழக்கறிஞரை வைக்க வேண்டியிருக்கும், ஆனால் கீழே வருவதெல்லாம் அவருக்கும் பொருந்தும்.

பப்ளிக் டிஃபெண்டர் அரசுச் சம்பளம் வாங்குபவர், அதனால் எதிர்த்தரப்பு ஆள் என்ற சந்தேகம் நம்மவர்களிடம் அதிகம். அவருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் தனியார் வழக்கறிஞருடையதைப் போலவே காக்கப்படும். வேலைப் பளு அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த ஊர் நீதிபதிகளையும் பிராசிக்யூட்டர்களையும் (அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள்) தினமும் பார்ப்பவர் அவர். குடியேற்றச் சட்டமே தெரியாத விலை உயர்ந்த வக்கீலைவிட, குடியேற்றப் பிரிவு உள்ள பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம் எவ்வளவோ மேல்.

அவரிடம் உண்மை நிலையைச் சொல்லுங்கள். தனி அறையில் சொல்லுங்கள், நீதிமன்ற வராந்தாவில் அல்ல. வாய்வழியாகச் சொல்வதோடு விடாமல் ஒரே தாளில் எழுதியும் கொடுங்கள்: அமெரிக்காவில் முதன்முதல் நுழைந்த தேதியும் விசா வகையும், பிறகு வெளியே போய்வந்த தேதிகள், கிரீன் கார்டு கிடைத்த நாள், எந்த நாட்டிலானாலும் முன்பு கைதான விவரம், பழைய நாடுகடத்தல் உத்தரவு, நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள், மனைவி கணவர் பிள்ளைகள் பெற்றோரின் குடியுரிமை நிலை, ஊருக்குத் திரும்ப அச்சம் உண்டா என்பது. தேதிகள் ஏன் முக்கியம் என்றால், பல விதிகள் நாள் கணக்கில் தொங்குகின்றன. கிரீன் கார்டுக்காரர் நாடுகடத்தலை ரத்து செய்யக் கேட்க வேண்டுமானால் கிரீன் கார்டு 5 ஆண்டு கையில் இருந்திருக்க வேண்டும், முறையாக நுழைந்தபின் 7 ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், அக்ரவேட்டட் ஃபெலனி எனப்படும், குடியேற்றச் சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கும் வகைக் குற்றம் இருக்கக் கூடாது. அந்த 7 ஆண்டுக் கடிகாரம் தீர்ப்பு வந்த நாளில் அல்ல, குறிப்பிட்ட சில குற்றங்களைச் செய்த நாளிலேயே நின்றுவிடும்.

ஒப்புக்கொள்ளும் முன்

2010 மார்ச் 31 அன்று பதில்லா எதிர் கென்டக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கடமையை விதித்தது: குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் வருமா என்று கட்சிக்காரருக்குச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் வேலை. அந்த வழக்கின் பதில்லா 40 ஆண்டுக்கு மேல் அமெரிக்காவில் சட்டப்படி வசித்தவர், வியட்நாம் போரில் அந்நாட்டு ராணுவத்தில் இருந்தவர். இவ்வளவு காலம் இருந்திருக்கிறீர்கள், கவலை வேண்டாம் என்ற வழக்கறிஞரை நம்பி ஒப்புக்கொண்டார்.

ஆகவே வழக்கறிஞரிடம் நேராகக் கேளுங்கள்: 'இந்தப் பிரிவும் இந்தத் தண்டனையும் என்னை நாடுகடத்துமா? வெளிநாடு போனால் திரும்பி வர விடாதா? கிரீன் கார்டையோ குடியுரிமையையோ தடுக்குமா?' மூன்றும் வெவ்வேறு கேள்விகள், பதிலும் வெவ்வேறாக வரும். 'தெரியாது, குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள்' என்றால், அடுத்த வாய்தாவரை அவகாசம் வாங்கிவிட்டு அவரையே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நியூயார்க் மாநிலத்தில் வட்டார குடியேற்ற உதவி மையங்கள் உள்ளன, அரசு நியமித்த வழக்கறிஞர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வதற்கென்றே. நியூயார்க்கின் இமிகிரன்ட் டிஃபென்ஸ் புராஜெக்ட், சான் பிரான்சிஸ்கோவின் இமிகிரன்ட் லீகல் ரிசோர்ஸ் சென்டர் ஆகியவையும் வழக்கறிஞர்களுக்கு இந்த ஆலோசனையைத் தருகின்றன. கேட்கும் பழக்கம் உள்ள வழக்கறிஞர் ஒரு மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுவார்.

எங்கெங்கே தவறு நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு நாள் வித்தியாசம். திருட்டு அல்லது வன்முறைக் குற்றத்தில் ஓராண்டு தண்டனை என்றால் அது அக்ரவேட்டட் ஃபெலனி; 364 நாள் என்றால் அந்த வகையில் வராது. தண்டனையை நிறுத்தி வைத்தாலும் கணக்கு அப்படியே. 'ஓராண்டு தண்டனை, ஆனால் ஒரு நாள்கூட உள்ளே இருக்க வேண்டாம்' என்ற பேரம் கேட்க நன்றாயிருக்கும், நாடுகடத்தலில் கொண்டுபோய் விடும். மோசடி வழக்கில் இழப்பு 10,000 டாலரைத் தாண்டினாலும் இதே வகைதான். ஈடுகட்டும் தொகையாக என்ன எண்ணை எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

கடையில் பொருள் எடுத்தது. மாணவர்களும் ஊரிலிருந்து வந்த பெற்றோரும் மாட்டுவது பெரும்பாலும் இதில். சிறு தொகைதானே, அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று ஒப்புக்கொண்டால் அது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமாகப் பதிவாகும். முறையாக நுழைந்த 5 ஆண்டுக்குள் செய்து, அந்தப் பிரிவின் அதிகபட்சத் தண்டனை ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தால் ஒரே குற்றத்துக்கே நாடுகடத்தலாம். இதற்காகவே வாஷிங்டன் 2011-இலும், கலிஃபோர்னியா 2015-இலும், நியூயார்க் 2019-இலும் சிறு குற்றங்களின் உச்ச தண்டனையை 364 நாளாகக் குறைத்தன. ஆனால் தனித்தனிச் சம்பவங்களில் இப்படி இரண்டு குற்றம் சேர்ந்தால் நாள் கணக்கு உதவாது. நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் கேட்டு வாங்குவது 'டிஸ்ஆர்டர்லி காண்டக்ட்' என்ற பொது ஒழுங்கு மீறல். அது அந்த மாநிலச் சட்டப்படி குற்றம் என்ற வகையிலேயே சேராது.

'கேஸ் தள்ளுபடி ஆகிவிடும்' என்ற பேச்சு. முதலில் ஒப்புக்கொள், ஓராண்டு ஒழுங்காக இரு, பிறகு தள்ளுபடி செய்கிறோம் என்பது மாநிலச் சட்டத்தில் தண்டனை இல்லை. குடியேற்றச் சட்டத்தில் ஒப்புதலும் ஏதோ ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தாலே தண்டனைத் தீர்ப்பு. எதையும் ஒப்புக்கொள்ளாமல் செய்யும் டைவர்ஷன் (வழக்கை நிறுத்திவைத்துச் சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ அனுப்புவது) பொதுவாகப் பாதுகாப்பானது. கலிஃபோர்னியாவின் போதைப்பொருள் டைவர்ஷனில் 2018 முதல் ஒப்புதல் தேவையில்லை, நியூயார்க்கின் ஏ.சி.டி. என்ற ஒத்திவைப்பிலும் அப்படியே.

கஞ்சா. மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தில் அது குற்றம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை வைத்திருந்த ஒரே ஒரு வழக்குக்கு மட்டும் நாடுகடத்தல் பிரிவில் விலக்கு உண்டு. எல்லையில் அதிகாரி கேட்கும்போது 'எப்போதாவது புகைத்திருக்கிறேன்' என்று வெள்ளந்தியாகச் சொன்னாலே உள்ளே விடாமலிருக்க அது போதும்.

வீட்டுச் சண்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மனைவி 911-ஐ அழைத்தால் போலீஸ் வரும், ஒருவரைக் கைது செய்யும், மறுநாள் நீதிபதி விலகியிருக்கும்படி பாதுகாப்பு உத்தரவு போடுவார். மனைவி 'புகாரை வாபஸ் வாங்குகிறேன்' என்று சொன்னாலும் வழக்கு தானாகப் போகாது, அதை நடத்துவது பிராசிக்யூட்டர். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பது அங்கே செல்லாது. அதைவிட மோசம், மனைவியே 'வீட்டுக்கு வா' என்று செய்தி அனுப்ப, கணவர் போய்விடுவது. உத்தரவு கணவர் மேல் இருக்கிறது. அழைப்பு அதை ரத்து செய்யாது. பாதுகாப்பு உத்தரவில் விலகியிருக்கச் சொன்ன பகுதியை மீறினார் என்று நீதிமன்றம் முடிவு செய்தாலே நாடுகடத்தலாம், குற்றத் தீர்ப்புகூட வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளி, மருந்து என்று தொடர்பு தேவையானால் வழக்கறிஞர் மூலம் உத்தரவைத் திருத்தி வாங்குங்கள். இன்னொரு பக்கமும் உண்டு. அடிபட்டவர் ஹெச்-4 போன்ற சார்பு விசாவில் இருந்தால், தன் அந்தஸ்து போய்விடுமோ என்று பயந்து பேசாமலிருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்கான யூ விசா போன்ற வழிகள் உண்டு. கணவரின் வக்கீலிடம் அல்ல, தனியாக வேறு வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும்.

வாக்குமூலப் பதிவு. ஒப்புக்கொள்ளும்போது 'போலீஸ் அறிக்கையில் உள்ளது உண்மை' என்று சொல்லவைப்பார்கள். குடியேற்ற நீதிமன்றம் பல பிரிவுகளில் சட்டப் பிரிவின் வாசகத்தையும் அதிகாரபூர்வப் பதிவையும்தான் பார்க்கும், போலீஸ் கதையை அல்ல. அறிக்கையை நீங்களே பதிவுக்குள் இழுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. எந்த வார்த்தைகளில் ஒப்புக்கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாமீன் கட்டும் முன் ஒரு நிமிடம்

சிறையில் இருப்பவர் மேல் ஐஸ் 'டிடெய்னர்' போட்டிருக்கலாம். விடுதலையாக வேண்டிய நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை பிடித்து வைக்கும்படி கேட்கும் படிவம் அது, ஐ-247ஏ. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் அல்ல. கலிஃபோர்னியா, இல்லினாய் போன்ற மாநிலங்கள் இதற்கு ஒத்துழைப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியிருக்கின்றன, டெக்சாஸ், புளோரிடாவில் ஒத்துழைப்பே சட்டம். டிடெய்னர் இருக்கும்போது அவசரப்பட்டு ஜாமீன் கட்டினால் ஆள் வீட்டுக்கு வராமல் ஐஸ் காவலுக்குப் போய்ச் சேருவார். குற்ற வழக்கின் வாய்தாவைத் தவறவிடுவார், பிடிவாரண்ட் வரும், கட்டிய பணமும் ஆபத்தில். எனவே டிடெய்னர் உண்டா என்று பப்ளிக் டிஃபெண்டரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டம் நிலைமையை இறுக்கியது. அனுமதியின்றி நுழைந்தவர் போன்ற சில பிரிவினர் திருட்டு, கடைத் திருட்டு, கட்டடத்துக்குள் புகுந்து திருடியது, காவலரைத் தாக்கியது முதலியவற்றில் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, பிணையில்லாக் காவல். கிரீன் கார்டுக்காரர் பொதுவாக இந்தச் சட்டத்தில் வரமாட்டார், ஆனால் தீர்ப்புக்குப் பின் வரும் பழைய கட்டாயக் காவல் விதி அவருக்கும் உண்டு.

குடியேற்ற நீதிமன்றத்துக்கு இலவச வழக்கறிஞர்

உரிமை இல்லை, ஆனால் சில ஊர்கள் தாங்களாகவே பணம் ஒதுக்குகின்றன. 2013-இல் நியூயார்க் நகரம் தொடங்கிய குடும்ப ஒற்றுமைத் திட்டம் நாட்டிலேயே முதலாவது. காவலில் இருக்கும் ஏழைகளுக்கு பிராங்ஸ் டிஃபெண்டர்ஸ், புரூக்ளின் டிஃபெண்டர் சர்வீசஸ், லீகல் எய்ட் சொசைட்டி ஆகிய மூன்றும் வாதாடுகின்றன. நியூஜெர்சி மாநிலத்திலும் காவலில் இருப்பவர்களுக்குத் திட்டம் உண்டு. அலமீடா கவுன்ட்டி, சான் பிரான்சிஸ்கோ பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகங்களில் குடியேற்றப் பிரிவே இருக்கிறது. கலிஃபோர்னியா, அரிசோனா, வாஷிங்டனில் காவலில் இருந்து, மனநலக் குறையால் தானே வாதாட முடியாதவருக்கு 2013-ஆம் ஆண்டின் ஃபிராங்கோ தீர்ப்பின்படி அரசுச் செலவிலேயே பிரதிநிதி.

வேறு ஊரில் இருந்தால் நீதிமன்றம் வெளியிடும் இலவச சேவையாளர் பட்டியலையும் அருகிலுள்ள சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி கிளினிக்குகளையும் பாருங்கள். பட்டியலில் முதல் பெயரோடு நிற்காமல் எல்லாருக்கும் ஒரே நாளில் பேசுங்கள். மத்திய நிதி பெறும் சட்ட உதவி அமைப்புகள் கிரீன் கார்டுக்காரரை எடுத்துக்கொள்ளலாம், மற்றவர்களில் பலரை எடுக்க விதி தடுக்கும். மறுத்தால் அங்கே வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். வழக்கறிஞர் அல்லாதவரிலும் மத்திய அரசு நீதித் துறையின் முழு அங்கீகாரம் பெற்றவர் நீதிமன்றத்தில் வாதாடலாம். பகுதி அங்கீகாரக்காரர் வாதாட முடியாது. டிராவல் ஏஜென்ட், வரிக் கணக்கர், நோட்டரி யாருக்கும் அந்த உரிமை கிடையாது. ஒருவர் உங்கள் வழக்கை எடுத்திருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி இ.ஓ.ஐ.ஆர்.-28 படிவம். இ.ஓ.ஐ.ஆர்.-61 தாக்கல் செய்தவர் தாள் எழுத மட்டுமே உதவுகிறார், நீதிமன்றத்துக்கு வரமாட்டார்.

காவலில் உள்ளவரைத் தேட ஐஸின் இணைய லொக்கேட்டரில் ஏ-நம்பரும் (குடியேற்றத் துறை தரும் அடையாள எண்) பிறந்த நாடும் கொடுங்கள். ஒன்பது இலக்கம் வேண்டும். எட்டுதான் இருக்கிறதென்றால் முன்னால் ஒரு பூஜ்யம். பெயரால் தேடினால் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே வேண்டும். தந்தை பெயர் கடைசிப் பெயராகப் போயிருப்பதால் தமிழர்களைத் தேடும்போது இது தவறாமல் குழப்பும், இரண்டு வரிசையிலும் போட்டுப் பாருங்கள். விசாரணைத் தேதியை 1-800-898-7180 என்ற தானியங்கி எண்ணில் கேட்கலாம். வடகிழக்கில் பிடித்தவரை ஓரிரு நாளில் லூசியானாவுக்கோ டெக்சாசுக்கோ மாற்றிவிடுவதுண்டு. ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு) மனு ஆள் இருக்கும் மாவட்டத்தில்தான் போட முடியும் என்பதால், பிடித்த அன்றே வழக்கறிஞருக்குச் செய்தி போக வேண்டும்.

பிணை கேட்க முடிந்தால் குறைந்தபட்சம் 1,500 டாலர். முழுத் தொகையும் கட்ட வேண்டும், வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். அனுமதியின்றி நுழைந்தவருக்குக் குடியேற்ற நீதிபதி பிணை தர முடியாது என்று மேல்முறையீட்டு வாரியம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தபின், அவர்களுக்கான சண்டை ஃபெடரல் நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது.

முதல் விசாரணையில் வழக்கறிஞர் இல்லையென்றால் குற்றச்சாட்டுத் தாளில் உள்ள எதையும் ஒப்புக்கொள்ளாமல், வழக்கறிஞர் தேட அவகாசம் கேளுங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஆள் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு போடுவார்கள். வீடு மாறினால் 5 நாளுக்குள் இ.ஓ.ஐ.ஆர்.-33 படிவம் நீதிமன்றத்துக்கு, 10 நாளுக்குள் ஏ.ஆர்.-11 குடியேற்றச் சேவைத் துறைக்கு. ஒன்றைக் கொடுத்தால் மற்றதற்குப் போய்ச் சேராது.

அடைக்கலம் கேட்க நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அக்ரவேட்டட் ஃபெலனி இருந்தால் அடைக்கலம் கிடையாது. ஆனால் திரும்பினால் சித்திரவதை நேரும் என்று நிரூபிப்பவரை, சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையின் கீழ் அந்த நாட்டுக்கு அனுப்புவதைத் தள்ளிவைக்க எந்தக் குற்றமும் தடையில்லை. இலங்கையிலிருந்து வந்தவர் கேஸ் முடிந்துபோச்சு என்று கையை விரிக்கும் முன் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பாளர் இலவசம். இந்தியர் என்றதும் இந்திக்காரரைக் கூப்பிட்டுவிடுவார்கள். 'தமிழ்' என்று முதல் நாளே பதிவு செய்யுங்கள், இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் சொல்லுங்கள். புரியாததற்குத் தலையாட்ட வேண்டாம். அந்தத் தலையாட்டல் பதிவில் 'ஆம்' என்றே ஏறும்.

வழக்கு முடிந்த பிறகு

கோப்பு சீல் ஆகும் முன் நீதிமன்ற முத்திரையிட்ட தீர்ப்பு நகல் நான்கைந்து வாங்கி வையுங்கள். கிரீன் கார்டு, குடியுரிமை, டிஎஸ்-160 (விசா விண்ணப்பம்) படிவங்கள் எல்லாம் 'எப்போதாவது கைதானதுண்டா' என்றே கேட்கும். தள்ளுபடியானாலும் ஆம் என்று எழுதி நகலை இணைக்க வேண்டும். குடித்து வண்டி ஓட்டியதாகக் கைதான ஹெச்-1பி, எஃப்-1 (மாணவர் விசா) காரர்களின் விசாவைத் தீர்ப்புக்குக் காத்திராமலே அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்வது வழக்கம். உள்ளே இருக்கும்வரை அந்தஸ்து அதனாலேயே போகாது, வெளியே போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. குற்றத் தீர்ப்புள்ள கிரீன் கார்டுக்காரரும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் பயணச்சீட்டு எடுக்கக் கூடாது.

பழைய தீர்ப்பை அழித்துவிட்டேன் என்பது குடியேற்ற நீதிமன்றத்தில் பொதுவாக எடுபடாது. நன்னடத்தைக்காக அழித்ததை அவர்கள் மதிப்பதில்லை. சட்டப் பிழைக்காக ரத்தானதை மதிப்பார்கள். உதாரணமாக, நாடுகடத்தல் ஆபத்தை வழக்கறிஞர் சொல்லாமல் விட்டது. கலிஃபோர்னியாவில் தண்டனைச் சட்டம் 1473.7, நியூயார்க்கில் குற்ற நடைமுறைச் சட்டம் 440.10 இதற்கான வழிகள். பதில்லா தீர்ப்பு அதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகளுக்குப் பொருந்தாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், 2010 மார்ச் 31-க்கு முந்தைய தீர்ப்புக்கு மாநிலச் சட்டத்தில் வேறு பிடி இருக்கிறதா என்று தேட வேண்டும். இந்த மனுவுக்கு முதலில் தேவைப்படுவது ஒப்புக்கொண்ட நாளின் நீதிமன்றப் பேச்சுப் பதிவு. பழைய பதிவுகளைச் சில நீதிமன்றங்கள் அழித்துவிடும் என்பதால் அதற்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.